‘கெட்’ என்னும் ஆங்கில வினையைக் கற்கும் வரிசை: பொருள், பயன்பாடு, மாற்றுச் சொற்கள்

ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ‘கெட்’ என்ற வினை மிகச் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஓரத்தில் பென்சிலால் ‘பெறு’ என்று எழுதிக்கொண்டு மாணவர்கள் அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து நேர்முகத் தேர்வில் பேச வேண்டியிருக்கும்போது அந்தப் ‘பெறு’ பாதி இடங்களில் கைகொடுப்பதில்லை. ‘கெட் ஆங்க்ரி’ என்றால் கோபத்தைப் பெறுவதா? ‘கெட் ஹோம்’ என்றால் வீட்டைப் பெறுவதா?

‘கெட்’ எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதை அதற்கு அடுத்து நிற்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதலில் அடுத்த சொல், பிறகு பொருள், கடைசியில்தான் மாற்றுச் சொல். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மாற்றுச் சொல் பட்டியலை முதலில் மனப்பாடம் செய்கிறவர்களே அதிகம் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, ஆங்கிலம் கற்போருக்கென்றே தொகுத்த ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்று பதிப்பகங்களும் அத்தகைய அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஆங்கிலம்-தமிழ் அகராதி பெறு, அடை, ஆகு, கொண்டுவா என்று பொருள்களை அடுக்கும். எந்தப் பொருளுக்கு எந்த வாக்கிய அமைப்பு என்பது அதில் பெரும்பாலும் இருக்காது. கற்போர் அகராதி அமைப்பையும் சேர்த்தே காட்டும். லாங்மேன் அகராதி ‘கெட்’டுக்கு ‘எஸ்1’, ‘டபிள்யூ1’ என்று இரண்டு குறிகளையும் இடுகிறது. பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகமாகப் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களுக்குள் இது அடங்கும் என்பது அதன் பொருள்.

இரண்டாவது தேவை ஒரு நோட்டு. ஒரு பக்கத்தில் ஓர் அமைப்பை மட்டும் எழுதுங்கள். தனிச் சொல்லை எழுத வேண்டாம், முழு வாக்கியத்தையே எழுதுங்கள். ‘கெட்’டைத் தனியாக எழுதினால் அடுத்த சொல் காணாமல் போய்விடும், அதோடு பொருளும் போய்விடும்.

மூன்றாவது, வினையின் வடிவங்கள். நிகழ்காலம் ‘கெட்’, இறந்தகாலம் ‘காட்’. மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. ஆனால் உடைமையைச் சொல்லும்போது அமெரிக்கரும் ‘காட்டன்’ என்று சொல்வதில்லை. ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். இரண்டு மரபில் எதை எடுத்துக்கொண்டாலும் சரி, ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

உச்சரிப்பிலும் ஒரு கவனம் வேண்டும். ‘காட்’ என்பதன் கடைசி ஒலி அழுத்தமான ‘ட்’. கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி மெலிந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள்.

2. அடுத்த சொல் என்ன வகை என்று பாருங்கள்

அடுத்து நிற்பது பெயர்ச்சொல் என்றால் பொருள் கிடைத்தல், வாங்குதல், கொண்டுவருதல் என்ற வட்டத்துக்குள் இருக்கும்: ‘கெட் எ ஜாப்’, ‘கெட் எ லெட்டர்’. தன்மையைச் சொல்லும் பெயரடை நின்றால் ‘ஆகுதல்’: ‘கெட் டயர்டு’, ‘கெட் வெட்’. இடம் நின்றால் ‘போய்ச் சேர்தல்’: ‘கெட் ஹோம்’, ‘கெட் டு மதுரை’. வினையின் மூன்றாம் வடிவம் நின்றால் பெரும்பாலும் ‘படுதல்’: ‘கெட் காட்’, அதாவது பிடிபடுதல் (இந்தக் ‘காட்’ ‘கேட்ச்’ வினையின் மூன்றாம் வடிவம், ‘கெட்’டின் ‘காட்’ அல்ல). ஒரு பொருளும் அதன்பின் மூன்றாம் வடிவமும் வந்தால் பிறரைக் கொண்டு செய்வித்தல். ஓர் ஆளும் அதன்பின் ‘டு’ போட்ட வினையும் வந்தால் இசையவைத்தல். ‘அப்’, ‘ஓவர்’, ‘பை’ போன்ற சிறு சொல் ஒட்டினால் அது தனிப் பொருள் கொண்ட தொடர்வினை.

இதைக் கண் பழகும்வரை செய்ய வேண்டும். ஆங்கில உரையாடல் உள்ள பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டியாகவோ நாடகமாகவோ இருப்பது நல்லது. செய்தித்தாளின் தலையங்கத்தில் ‘கெட்’ அரிதாகவே வரும், பேச்சில்தான் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொரு ‘கெட்’டுக்கும் அடுத்த சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். பொருளை இப்போது எழுத வேண்டாம். வகையை மட்டும் சொல்லிக்கொண்டே போங்கள்: பெயர், பெயரடை, இடம், மூன்றாம் வடிவம். வகை தானாக வாயில் வரத் தொடங்கியதும் அடுத்த படிக்குப் போகலாம்.

3. ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களைத் திருப்புங்கள்

தமிழர்களுக்கு ‘கெட்’ வசப்படும் இடம் இதுதான். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

தமிழில் நமக்கு நேர்வதைச் சொல்லும்போது நம்மை நான்காம் வேற்றுமையில் வைக்கிறோம். எனக்குக் கடிதம் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்கு அனுமதி கிடைத்தது. எனக்குப் புரிந்தது. இந்த வாக்கியங்களில் எழுவாய் கடிதமும் காய்ச்சலும் வேலையும்தான். நாம் ‘கு’ உருபோடு ஓரமாக நிற்கிறோம்.

ஆங்கிலம் அந்த ஆளைத் தூக்கி எழுவாயாக உட்கார வைக்கிறது. ‘ஐ காட் எ லெட்டர்.’ ‘ஐ காட் எ ஃபீவர்.’ ‘ஐ காட் ஆங்க்ரி.’ ‘ஐ காட் எ ஜாப்.’ ‘ஐ காட் பெர்மிஷன்.’ ‘ஐ காட் இட்.’ தமிழில் வந்தது, கிடைத்தது, புரிந்தது என்று மாறி மாறி வரும் வினைகளெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே ‘காட்’டில் அடங்கிவிடுகின்றன. தமிழ் அமைப்பை அப்படியே கொண்டுபோகிறவர் ‘ஃபீவர் கேம் டு மீ’ என்கிறார். கேட்கிறவர் ஊகித்துக்கொள்வார், ஆனாலும் அது ஆங்கில வாக்கியமாகத் தோன்றாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தமிழ் வாக்கியத்தில் ‘எனக்கு’, ‘அவனுக்கு’, ‘அம்மாவுக்கு’ என்று வந்தால் அந்த ஆளை முன்னால் கொண்டுவந்து, ‘கெட்’டைப் போட்டு, மற்றதைப் பின்னால் வையுங்கள். ‘அம்மாவுக்கு சம்பளம் வந்துவிட்டதா?’ என்பது ‘ஹேஸ் அம்மா காட் ஹெர் சாலரி?’ ஆகும். ‘அந்தக் கச்சேரியைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது’ என்பது ‘ஐ காட் டு ஹியர் தட் கான்சர்ட்’ ஆகும். இந்த இரண்டாவது அமைப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. ‘காட் டு’ என்பதோடு ஒரு வினை சேர்ந்தால் ‘வாய்ப்புக் கிடைத்தது’ என்ற முழுத் தொடரும் அதற்குள் வந்துவிடுகிறது.

இந்தத் திருப்பம் எல்லா ‘எனக்கு’க்கும் பொருந்தாது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது ஆகியவை நிலையைச் சொல்பவை. அவற்றுக்கு ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ ஆம் ஹங்ரி’. மாற்றம் நடந்தால் மட்டுமே ‘கெட்’. பசி எடுக்கத் தொடங்குகிறது என்று சொல்லும்போது ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’ என்பது சரி. ஐயம் வந்தால், தமிழ் வாக்கியத்தின் முடிவில் வந்தது, கிடைத்தது, ஆயிற்று என்பவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘கெட்’. ‘இருக்கிறது’தான் பொருந்துகிறது என்றால் ‘பி’ வினையோ (ஆம், இஸ், ஆர்) ‘ஹேவ்’ வினையோ வர வேண்டும்.

‘எனக்கு இரண்டு தம்பிகள்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்’ என்று ‘காட்’ வருகிறதே என்று கேட்பார்கள். ‘ஹேவ் காட்’ என்பது வடிவத்தில் மட்டும் ‘கெட்’டைச் சேர்ந்தது. பொருளில் அது ‘ஹேவ்’தான். ‘ஹேவ் காட் டு’ என்றால் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். இந்த இரண்டுக்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

4. ‘ஆகு’ என்னும் பொருள்: பெயரடை மட்டும்

‘இட் இஸ் கெட்டிங் லேட்’ என்றால் நேரமாகிறது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டுகிறது. தமிழில் ‘இருட்டுகிறது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் இப்படிச் சொல்ல முடியாது என்பதால் ‘இட்’ கட்டாயம். படிப்படியான மாற்றம் என்றால் ‘கெட்டிங் பெட்டர்’, ‘கெட்டிங் ஹாட்டர்’.

இங்கே நிகழும் பெரிய பிழை, பெயர்ச்சொல்லைப் போட்டுவிடுவது. அவர் ஆசிரியர் ஆனார் என்று சொல்ல நினைத்து ‘ஹி காட் எ டீச்சர்’ என்கிறார்கள். அடுத்து நிற்பது பெயர்ச்சொல் ஆகிவிட்டதால் ‘அவருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார்’ என்று பொருள் மாறிவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு ‘பிகேம்’ வேண்டும்: ‘ஹி பிகேம் எ டீச்சர்.’ பால் கெட்டுப்போவதற்கு ‘கோ’ வினை: ‘த மில்க் ஹேஸ் கான் பேட்’. முகம் சிவப்பதற்கு ‘டர்ன்’, நோயில் விழுவதற்கு ‘ஃபால் இல்’. இவற்றுக்கு விதி தேட வேண்டாம், வாக்கியமாகவே மனத்தில் பதியுங்கள்.

5. வீடு, ஊர், வண்டி

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதில் ‘க்கு’ இருப்பதால் ‘ஐ காட் டு ஹோம்’ என்று எழுதத் தோன்றும். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. மற்ற இடங்களுக்கு வரும்: ‘ஐ காட் டு த ஸ்டேஷன்’. ‘ரீச்’ போட்டால் எந்த இடத்துக்கும் ‘டு’ கிடையாது: ‘ஐ ரீச்டு சேலம்’. ‘அரைவ்’ போட்டால் ஊருக்கு ‘இன்’, நிலையம் போன்ற ஓரிடத்துக்கு ‘அட்’. மூன்றும் ஒரே பொருள்தான், பின்னால் வரும் ஒட்டுச் சொல்தான் வேறு. மாற்றுச் சொல்லை மாற்றும்போது ஒட்டுச் சொல்லை மாற்ற மறப்பதால்தான் ‘ரீச்டு டு சேலம்’ போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன.

பஸ், ரயில், விமானம், சைக்கிள் ஆகியவற்றில் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. காரிலும் டாக்ஸியிலும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வண்டிக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கும் ‘ஆன்’. குனிந்து நுழைந்து உட்கார வேண்டியவற்றுக்கு ‘இன்’. நம் ஊர்களில் எல்லோரும் ‘கெட் டவுன்’ என்றுதான் சொல்கிறோம். ‘இறங்கு’ என்பதிலுள்ள கீழ்நோக்கிய அசைவை அது அப்படியே பிடித்துவைத்திருக்கிறது. இந்தியாவுக்குள் அதனால் குழப்பம் வராது. வெளிநாட்டவரோடு பேசும்போதும் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளிலும் ‘கெட் ஆஃப்’ என்றே சொல்லுங்கள்.

6. பிறர் கையால் நடந்த வேலை

‘நேற்று முடி வெட்டினேன்’, ‘போன ஆண்டு வீடு கட்டினேன்’ என்று தமிழில் தயங்காமல் சொல்கிறோம். வெட்டியவர் சலூன்காரர், கட்டியவர் கொத்தனார் என்பது கேட்கிறவருக்குத் தெரியும். இதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று மாற்றினால், கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டதாக ஆங்கிலம் பேசுகிறவர் நினைப்பார்.

சொற்களின் வரிசையைக் கவனியுங்கள்: ‘ஐ காட் மை ஹேர் கட்.’ ஆள், ‘காட்’, பொருள், மூன்றாம் வடிவம். ‘ஐ காட் கட் மை ஹேர்’ என்று பொருளைக் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் உடைந்துவிடும். சட்டை தைத்தேன் என்பது ‘ஐ காட் எ ஷர்ட் ஸ்டிச்டு’. போன் பழுதுபார்த்தேன் என்பது ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்டு’. ‘காட்’ இருந்த இடத்தில் ‘ஹேட்’ போட்டாலும் இதே பொருள்தான், சற்று மதிப்பான நடை.

வேலையைச் செய்த ஆளையும் சொல்ல வேண்டும் என்றால் அமைப்பு மாறும்: ‘ஐ காட் த டெய்லர் டு ஸ்டிச் இட்.’ இந்த ‘டு’வை விட்டுவிடுவது அடிக்கடி நிகழும் பிழை. ‘மேக்’, ‘ஹேவ்’ வினைகளுக்கு ‘டு’ வராது, ‘கெட்’டுக்கு வரும். பொருளிலும் வேறுபாடு உண்டு. ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினேன். ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் பேசி, சம்மதிக்க வைத்து வாங்கினேன்.

பொருள் நடுவில் இல்லாமல் ‘கெட்’டை ஒட்டியே மூன்றாம் வடிவம் வந்தால் நமக்கு நேர்ந்தது என்று பொருள்: ‘காட் ஹர்ட்’ என்றால் காயம்பட்டது, ‘காட் ஸ்டக்’ என்றால் மாட்டிக்கொண்டது. திருமணத்துக்கும் இதே அமைப்புதான்: ‘ஷி காட் மேரிட் டு எ டாக்டர்.’ நாம் ‘டாக்டரோடு திருமணம்’ என்று சொல்லிப் பழகியதால் ‘வித்’ போடத் தோன்றும். அங்கே வர வேண்டியது ‘டு’.

7. தொடர்வினைகளில் சிலவற்றை மட்டும் எடுங்கள்

நாற்பது ஐம்பது தொடர்வினைகள் கொண்ட பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். அவற்றை ஒரே மூச்சில் படிப்பதால் பயன் குறைவு. எல்லாம் ஒரே முகத்தோடு இருப்பதால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அன்றாடம் தேவைப்படுபவற்றிலிருந்து தொடங்குங்கள்.

‘கெட் அப்’ என்றால் படுக்கையைவிட்டு எழுவது, ‘வேக் அப்’ என்றால் கண் விழிப்பது. விழித்தும் எழாமல் படுத்திருக்கலாம் என்பதால் இரண்டும் வேறு. ‘கெட் அலாங் வித்’ ஒத்துப்போவது. ‘கெட் பை’ இருப்பதைக் கொண்டு சமாளிப்பது. ‘கெட் அவே வித்’ தவறு செய்தும் தண்டனையில்லாமல் தப்புவது. ‘கெட் ஓவர் இட்’ என்றால் துயரிலிருந்தோ நோயிலிருந்தோ மீள்வது, ‘கெட் இட் ஓவர் வித்’ என்றால் தொல்லையான வேலையைச் செய்து தலைமுழுகுவது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றுதான், ‘இட்’ எங்கே நிற்கிறது என்பதில் பொருள் புரண்டுவிடுகிறது.

அலுவலக மின்னஞ்சலுக்கு ‘கெட் பேக் டு’ கட்டாயம் வேண்டும். பதில் தருகிறேன் என்பதற்கு இந்தியாவில் ‘ரிவர்ட்’ என்று எழுதுகிறோம். பிற நாட்டவருக்கு அந்தச் சொல்லின் வழக்கமான பொருள் பழைய நிலைக்குத் திரும்புதல். ‘ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃப்ரைடே’ என்று எழுதினால் எங்கும் புரியும்.

8. இப்போதுதான் மாற்றுச் சொற்கள்

மாற்றுச் சொல் ஒவ்வொன்றும் மேலே பார்த்த வகைகளில் ஏதோ ஒன்றுக்குத்தான் பொருந்தும். வகையை அறியாமல் மாற்றினால் ‘ஐ ரிசீவ்டு ஆங்க்ரி’ என்ற வாக்கியம் வந்து நிற்கும்.

பெயர்ச்சொல் வகையில்தான் மாற்றுச் சொற்கள் நிறைய. அவற்றைப் பிரிப்பது, பொருள் எப்படி நம் கைக்கு வந்தது என்ற கேள்வி. தானாக வந்து சேர்ந்தால் ‘ரிசீவ்’: கடிதம், பரிசு, புகார். விண்ணப்பித்து, முயன்று வாங்கினால் ‘அப்டெய்ன்’: பாஸ்போர்ட், அனுமதி, தகவல். காலப்போக்கில் சேர்த்துக்கொண்டால் ‘அக்வயர்’: திறமை, நிலம், மொழியறிவு. ஏற்கெனவே உள்ளது கூடினால் ‘கெய்ன்’: அனுபவம், நம்பிக்கை, உடல் எடை. உழைப்புக்கோ தகுதிக்கோ கிடைத்தால் ‘ஏர்ன்’, அது சம்பளத்துக்கும் மரியாதைக்கும் பொருந்தும். எழுந்து போய் எடுத்துவந்தால் ‘ஃபெட்ச்’. நிறுவனமோ அரசோ தேவைக்காகக் கொள்முதல் செய்தால் ‘ப்ரொக்யூர்’. நெல் கொள்முதல் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

மற்ற வகைகளுக்கு அதிகம் இல்லை. ஆகுதலுக்கு ‘பிகம்’, புரிதலுக்கு ‘அண்டர்ஸ்டாண்ட்’, சேர்தலுக்கு ‘ரீச்’, ‘அரைவ்’. நோய் வருவதற்குப் பேச்சில் ‘கேட்ச்’, மருத்துவ எழுத்தில் ‘கான்ட்ராக்ட்’.

எங்கே மாற்றுவது என்பதையும் பார்க்க வேண்டும். விண்ணப்பம், புகார்க் கடிதம், தேர்வுக் கட்டுரை ஆகியவற்றில் மாற்றுங்கள். அங்கே ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்பதைவிட ‘ஐ ஹேவ் ரிசீவ்டு யுவர் லெட்டர்’ இடத்துக்கு ஏற்றது. வீட்டிலும் நண்பர்களிடமும் மாற்ற வேண்டாம். நண்பரிடம் ‘ஐ அப்டெய்ன்டு சம் மில்க்’ என்று சொன்னால் அரசாணையை வாசிப்பதுபோல் இருக்கும். ‘கெட்’ தரக்குறைவான சொல் என்று சில வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்பி எல்லா இடத்திலும் அதைத் தவிர்க்கிறவர்களின் பேச்சு விறைத்துப்போகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

9. காதுக்குப் பழக்கம்

அமெரிக்கர் பேச்சில் ‘கெட் இட்’ சேர்ந்து ‘கெடிட்’ என்பதுபோல் ஒலிக்கும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே அந்த ‘ட்’ மெலிந்துவிடும். ‘காட் டு’ சுருங்கி ‘காடா’ ஆகும். இதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், எழுத்தில் கொண்டுவர வேண்டாம்.

10. தேர்ச்சியைச் சோதிக்க

கீழே உள்ள ஐந்தையும் விடையைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எது தவறுகிறதோ அந்தப் படிக்குத் திரும்பிப் போங்கள்.

அ. மழையில் நனைந்துவிட்டேன்.
ஆ. அவர் கலெக்டர் ஆனார்.
இ. நேற்று பல் பிடுங்கிக்கொண்டேன்.
ஈ. அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.
உ. பஸ்ஸிலிருந்து இறங்கி எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

விடைகள்: அ. ‘ஐ காட் வெட் இன் த ரெய்ன்.’ ஆ. ‘ஹி பிகேம் எ கலெக்டர்.’ இங்கே ‘காட்’ போட்டிருந்தால் நான்காம் படி. இ. ‘ஐ காட் எ டூத் புல்ட் அவுட்.’ ‘ஐ புல்ட் அவுட் எ டூத்’ என்று எழுதியிருந்தால் ஆறாம் படி. ஈ. ‘ஐ காட் மை ஃபாதர் டு அக்ரீ.’ ‘டு’ விடுபட்டிருந்தால் அதுவும் ஆறாம் படிதான். உ. ‘ஐ காட் ஆஃப் த பஸ் அண்ட் காட் ஹோம் அட் எய்ட்.’ ‘டவுன்’ என்றோ ‘டு ஹோம்’ என்றோ வந்திருந்தால் ஐந்தாம் படி.